பச்சைக்கு ஏறிய பிள்ளைகள்

வின்சி பச்சைக்கு வந்துவிட்டாள் என்ற செய்தி கிருபாராணிக்குக் கம்பெனி பஸ்ஸில் கிடைத்தது. முதல் ஷிப்ட் முடிந்து போச்சம்பள்ளியிலிருந்து பஸ் கிளம்பியிருந்தது. விடியுமுன்னே எழுந்து வந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லார் மேலும் தோலும் பசையும் கலந்த புது ஷூ வாசனை. ஷூவின் மேல்தோலைத் தைக்கிற லைனில் கிருபாராணிக்கு வேலை. நாள் முழுக்க மிஷினைப் பார்த்துக் குனிந்திருந்த கழுத்தை நீவிக்கொண்டே போனைத் திறந்தவள், பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த படத்தை விரலால் பெரிதாக்கினாள். வின்சியின் பெயருக்கு எதிரே பச்சை வட்டம்.

பக்கத்தில் தூங்கிய மாதேஸ்வரியை உலுக்கி எழுப்பினாள். "இங்க பாருமே. எம் பாப்பா பச்சைக்கு ஏறிட்டா."

"நான் என்னமோ பஸ்ஸு கவுந்துருச்சுன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மாதேஸ்வரி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மாதேஸ்வரிக்கு என்ன தெரியும். அவள் பிள்ளைகள் பெரியவர்கள். மத்தூருக்கு உள்ளே தள்ளி இருந்த கிருபாராணியின் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இந்த வருஷம் புதிதாக ஒரு சோதனை வந்திருந்தது. பிள்ளையின் கையில் ஒரு பத்தியைக் கொடுத்து, போனில் ஒரு நிமிடம் வைத்து, பிழையில்லாமல் எத்தனை வார்த்தை வாசிக்கிறது என்று எண்ணி, போனிலுள்ள ஆப்பில் ஏற்றுவார்கள். மூன்றாம் வகுப்புக்கு நாற்பது வார்த்தை. நாற்பதைத் தொட்டால் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு. சிவப்புப் பிள்ளைகளைத் தினமும் ஒரு மணி நேரம் தனியே உட்கார வைத்து எழுத்திலிருந்து சொல்லிக்கொடுக்க, ஜெசி என்ற பெண்ணை ஒரு தொண்டு நிறுவனம் சம்பளம் கொடுத்து அனுப்பியிருந்தது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஏதோ ஒரு கோடு கிழித்துத்தானே ஆகவேண்டும்.

ஜூனில் வைத்த சோதனையில் வின்சி ஒன்பது வார்த்தை வாசித்தாள். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்து அன்றைக்குக் கிருபாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டே களி கிண்டினாள். பிறகு ஜெசியின் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிள்ளை, வீட்டில் தரையிலும் சுவரிலும் ஈர விரலால் எழுதத் தொடங்கியது. "முன்னாடி கொம்பு போட்டா கெ, சுழிச்ச கொம்பு போட்டா கே" என்று சோற்றுத் தட்டிலும் கோடு இழுத்தது. இப்போது அரையாண்டுக்கு முந்தைய சோதனையில் நாற்பத்தாறு. ஜெசியின் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் தேவையில்லை.

அந்த வாரம் முழுக்க கிருபாராணி யாரைப் பார்த்தாலும் அதைச் சொன்னாள். ஓசூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை செய்து சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வரும் அவள் புருஷன் அருள்ஜோசப், பச்சை வட்டம் போட்ட படத்தைத் தன் போனில் ஸ்டேட்டஸாக வைத்தான். மாதா கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் சிஸ்டரிடமும் கிருபாராணியே போய்ச் சொன்னாள். அதுதான் வினையாகப் போனது.

அடுத்த ஞாயிறு சிறுவர் ஞாயிறு. பூசையில் சொல்லும் மன்றாட்டு ஜெபங்களைப் பிள்ளைகளே வாசிக்க வேண்டும். வாசிப்பதாக இருந்த பையன் ஒருவனுக்குக் காய்ச்சல். சிஸ்டர் பூசை தொடங்கும் நேரத்தில் வின்சியைக் கூப்பிட்டு ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். "நீ நல்லா வாசிக்கறியாமே, அம்மா சொன்னாங்க. ரெண்டே வரிதான்."

வெள்ளைக் கவுன் போட்டு ரெட்டைப் பின்னல் பின்னியிருந்த வின்சி மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். யாரோ மைக்கைத் தாழ்த்தி வைத்தார்கள். சீட்டைப் பார்த்தாள். கோயில் அமைதியாகக் காத்திருந்தது. வெளியே தூறல் தகரத்தில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. பிள்ளை அம்மாவைத் தேடியது. அப்புறம் சீட்டை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, கணீரென்று ஆரம்பித்தது.

"சனிக்கிழமை தோறும் எங்கள் ஊரில் சந்தை கூடும். அம்மாவும் நானும் சந்தைக்குப் போவோம். அம்மா வெல்லமும் புளியும் வாங்குவார். எனக்குப் பொரி உருண்டை வாங்கித் தருவார்."

பாதர் தலையைத் திருப்பிப் பார்த்தார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். வின்சி பொரி உருண்டையோடு நிறுத்தியதும், நிறுத்தினால் பதில் சொல்லிப் பழகிய சனம், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டது. அப்புறம்தான் கோயில் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. 

வின்சி சிரிப்பு எதற்கென்று தெரியாமல் நின்றாள். தெரிந்தபோது சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அருள்ஜோசப் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "கூட்டத்தப் பாத்து பயந்துட்டா. சின்னப் புள்ள. அத விடு."

"பயந்தா வாய மூடிக்கும். சந்தையப் பத்தி சொல்லுமா?"

"வாயில வந்தத சொல்லிட்டா."

"அதாங்க கேக்கறேன். அது எப்படி வாயில வந்துச்சு?"

கிருபாராணி பாடப் புத்தகப் பையைக் கொண்டுவந்து, பள்ளியில் கொடுத்திருந்த அந்தச் சந்தைப் பத்தி உள்ள தாளைத் தேடி எடுத்தாள். வின்சியை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். "படி கண்ணு."

பிள்ளை மளமளவென்று சொன்னது. விரல் மட்டும் வரிகளின் மேல் ஓடியது. வாய் இரண்டாம் வரியில் இருக்கும்போது விரல் நாலாம் வரியில் இருந்தது.

கிருபாராணி ஒரு வார்த்தையைத் தொட்டாள். "இது என்ன பாப்பா?"

வின்சி மேலே முதல் வரிக்குப் போனாள். உதட்டுக்குள்ளேயே சனிக்கிழமையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக விரலை நகர்த்தி வந்து, அந்த இடத்தை அடைந்ததும், "வெல்லம்" என்றாள்.

"சரி." கிருபாராணி தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வெல்லம் என்று தனியாக எழுதினாள். "இது?"

வின்சி பார்த்தாள். மேலே தொடங்குவதற்கு அங்கே வரி எதுவும் இல்லை. "இத மிஸ் சொல்லித் தரல" என்றாள்.

சாரலுக்கு ஒதுங்கி வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அஜித்குமார், "எனக்கு முழுசா தெரியும்" என்று சனிக்கிழமையிலிருந்து பொரி உருண்டை வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அவனும் வின்சி வகுப்புதான். அவன் பெயருக்கு எதிரேயும் பச்சை. அவன் கையில் தாள்கூட இல்லை.

கிருபாராணி தாளைப் புருஷன் பக்கம் நீட்டினாள். "பாத்தீங்களா. கொம்பு, காலுன்னு எழுத்தக் கூட்டிக்கிட்டிருந்த புள்ள. அந்த ஜெசி டீச்சர் அஸ்திவாரம் போட்டுக்கிட்டிருந்தாங்கோ. பாதியில புடுங்கிட்டு வந்து கிளியாட்டம் ஆக்கிட்டாங்கோ."

"இப்ப என்ன பண்ணலாங்கற? எம் பொண்ணுக்கு படிக்கத் தெரியல, சிவப்புலயே போடுங்கன்னு போயி கேக்கப் போறியா?"

"ஆமா."

"நாலு பேர் என்னா சொல்லுவாங்க? நான் ஸ்டேட்டஸ் வேற வச்சிருக்கறேன். பட்டறையில எல்லாரும் பாத்தாங்க."

"ஸ்டேட்டஸ் படிக்குமாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குக் கறி எடுத்திருந்தார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல், ஷூ வாசனையோடு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

தலைமை ஆசிரியர் அன்புமணி கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் வந்த பிறகுதான் பெண்பிள்ளைகளுக்குக் கதவுள்ள கழிப்பறை வந்தது. சத்துணவில் முட்டை குறைந்தால் தானே எண்ணிப்பார்த்துச் சண்டை போடுவார். கிருபாராணி சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார்.

"ஏம்மா, ஊர்ல இருக்கறவங்க எல்லாம் எம் புள்ளைய எப்படி சிவப்புல போடலாம்னு சண்டைக்கு வர்றாங்க. நீ பச்சை வேணாம்னு வந்து நிக்கற."

"பச்சை வேணாம்னு சொல்லல சார். படிப்பு வேணும்னு சொல்றேன்."

"நாப்பத்தாறு வாசிச்சிருக்காம்மா. நான் சொல்லல. டெஸ்ட் சொல்லுது."

"அந்த டெஸ்ட்டுல வந்த பத்தி, புள்ளைங்க கைக்கு முன்னாடியே எப்படி வந்துச்சு சார்?"

அவர் மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "பயிற்சி குடுக்கறது தப்பா? கம்பெனியில சேந்தப்ப உனக்கு ட்ரெயினிங் குடுக்கலையா?"

"குடுத்தாங்க சார். தைக்கறதுக்குக் குடுத்தாங்க. தைச்சாப்புல காட்டறதுக்குக் குடுக்கல."

அன்புமணிக்குச் சுருக்கென்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து கதவை ஒருக்களித்துவிட்டு வந்தார். குரல் தாழ்ந்தது. "உனக்கு எங்க கஷ்டம் தெரியாதும்மா. ஜூன் மாசம் இந்த வட்டாரத்துலயே நம்ம பள்ளிக்கூடத்துலதான் சிவப்பு அதிகம். மீட்டிங்குல பெரிய திரையில பேரைப் போட்டு, அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சு நில்லுங்கன்னாங்க. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறவன் நான். ஸ்கூல் புள்ளையாட்டம் எந்திரிச்சு நின்னேன். எப்படிச் சரி பண்ணுவன்னு யாரும் கேக்கல. எப்ப சரியாவும்னுதான் கேட்டாங்க."

"பாவந்தான் சார்" என்றாள் கிருபாராணி. உண்மையாகவே அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. "நீங்க நின்னதுக்கு எம் பொண்ண கொண்டுபோயி மைக்கு முன்னாடி நிக்க வச்சிட்டீங்களே. நேத்து கோயிலே சிரிச்சுது சார். எட்டு வயசு புள்ள. ஏன்னு அதுக்குத் தெரியல."

அவர் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு சொன்னார். "ஆப்புல ஏத்தினத மாத்த முடியாது. சனவரியில அடுத்த டெஸ்ட். அதுவரைக்கும் ஒண்ணு பண்றேன். பேரு ஏறாம, வின்சிய மட்டும் ஜெசி வகுப்புல உக்கார வைக்கிறேன். வெளிய யாருக்கும் சொல்லிட்டுத் திரியாத. சரிதானே?"

கேட்க வந்தது அதுதான். கிருபாராணி சரி என்று தலையை ஆட்டினாள்.

வெளியே குழாயடியில் வகுப்பு ஆசிரியை யுவஸ்ரீ நின்றிருந்தாள். சின்னப் பெண். தற்காலிக வேலை. அவள்தான் சந்தைப் பத்தியைப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தவள். கிருபாராணியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அக்கா, எம்மேல கோவமா?"

"உங்க மேலயும்தான்."

"எனக்குத் தெரியும்க்கா, செய்யறது தப்புன்னு. வருஷா வருஷம் என் வேலைய நீட்டிக்கணும்னா இந்த நம்பரைத்தான் பாப்பாங்க." யுவஸ்ரீ சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். "வின்சி மட்டுமில்லக்கா. வகுப்புல பாதிக்கு மேல அப்படித்தான். ஜெசி டீச்சர் இப்ப சும்மா உக்காந்திருக்காங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுக்க சிவப்புல புள்ளைங்களே இல்ல."

இதைக் கேட்டதும் கிருபாராணிக்கு ஆத்திரத்தில் வாய் உலர்ந்தது. தண்ணீர் இறைக்க ஆள் நிற்கிறது, தாகத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள், நடுவில் எவனுக்கும் தாகமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. 

வின்சி மறுநாளே ஜெசி வகுப்புக்குப் போய் உட்கார்ந்தாள். அறையில் அவள் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து, "மா, டீச்சர் எனக்கு மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. அஜித்து சன்னல்ல எட்டிப் பாத்தான், போடான்னு ஹெச்செம் சார் விரட்டிட்டாரு" என்றாள்.

அன்று சாயங்காலம் அஜித்குமாரின் அம்மா செல்லி முந்தானை நிறைய அவரைக்காயோடு வந்தாள். பறிக்கப் போன தோட்டத்தில் கொடுத்தது. கார்த்திகைப் பனி இறங்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அவரைதான். இருவரும் உட்கார்ந்து கொட்டையை உரித்து, ஏற்கனவே ஊறவைத்திருந்ததைத் தோல் நீங்கப் பிதுக்கிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லி தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசுவாள், தோட்டக்காரர் யார் என்பதைப் பொறுத்து. எழுத்து மட்டும் எந்த மொழியிலும் தெரியாது.

கிருபாராணி பேச்சுக் கொடுக்காமல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். செல்லிதான் ஆரம்பித்தாள்.

"உம் பொண்ணு பச்சைன்னாங்கோ. அப்பறம் ஏன் அந்த டீச்சர்கிட்ட போறா?"

கிருபாராணியின் கை நின்றது. யாருக்கும் சொல்லாதே என்று அன்புமணி சொன்னது நினைவுக்கு வந்தது. சன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளையும் நினைவுக்கு வந்தது. "செல்லிக்கா, அஜித்துக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியுதே. சந்தப் பாட்டு சொல்றான்."

"அது பாட்டுதான் க்கா. படிப்பில்ல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோயிலில் நடந்ததை, வெல்லத்தை, அன்புமணி சொன்னதை, யுவஸ்ரீ சொன்னதை, தான் தலையாட்டிவிட்டு வந்ததை. செல்லி கேட்டுக்கொண்டே பிதுக்கினாள். விரலிடுக்கில் பருப்பு துள்ளித் துள்ளிச் சட்டியில் விழுந்தது. கடைசியில் கையைச் சட்டியிலிருந்து எடுத்தாள்.

"ஏன் கிருபா, எனக்குத்தான் எழுத்து தெரியாது. அவன் படிக்கறானா படிக்கலையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவிங்க சொன்னாத்தான் தெரியும். உன் வூட்ல நீ எழுதிக் காட்டி கண்டுபுடிச்சிட்ட. எங்க வூட்ல எவ கண்டுபுடிப்பா? பையன் நல்லா படிக்கறான், கையெழுத்துப் போடுமான்னாங்கோ. இந்த விரல மையில தோச்சு வச்சிட்டு வந்தேன். வர்ற வழியெல்லாம் சிரிச்சுக்கினே வந்தேன்."

"தப்புதான் க்கா. நானும் எம் பொண்ணு மட்டும் போதும்னு வந்துட்டேன்."

"நீ பண்ணது கெடக்கட்டும். தெரியாதவள ஏமாத்தறது ஒண்ணு. தெரியாதவகிட்டயே ஒத்துக்கிட்டேன்னு ரேகை வாங்கறது இன்னொண்ணு." செல்லியின் குரல் உயரவில்லை. ஆனால் மூக்கு நுனி சிவந்திருந்தது. "பள்ளிக்கூடத்துக் கூட்டம் எப்ப?"

"வெள்ளிக்கிழம. மேல இருந்து ஒரு மேடம் வர்றாங்களாம்."

"வேலைக்குப் போவல அன்னிக்கி" என்றாள் செல்லி.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வேப்பமரத்தடியில் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். வட்டாரத்திலிருந்து வந்த அலுவலர் அம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். நடுத்தர வயது. காரில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அன்புமணி அறிக்கை வாசித்தார். மூன்றாம் வகுப்பில் சிவப்பே இல்லை என்றபோது பெற்றோர் கைதட்டினார்கள். அடுத்த வரிக்குப் போகும் முன்னால் பின்வரிசையில் செல்லி எழுந்தாள். இதுவரை எந்தக் கூட்டத்திலும் அவள் எழுந்ததில்லை.

"எம் பையனுக்குப் படிக்கத் தெரியலைங்கோ" என்றாள்.

"உட்காருமா, அப்பறம் பேசலாம்" என்றார் அன்புமணி.

"அவனுக்கு மண்டையில ஏறலைன்னா சாரு என்னா பண்ணுவாரு?" என்று முன்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. கோயிலில் கேட்ட அதே சிரிப்பு. கிருபாராணி எழுந்துவிட்டாள்.

"சிரிக்கற எல்லாரும் வீட்டுக்குப் போயி உங்க புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தைய தனியா எழுதிக் காட்டுங்க. அப்பறம் சிரிங்க. மேடம், மூணாங்கிளாஸ்ல சிவப்பு இல்லாம இல்ல. சிவப்ப அழிச்சிருக்காங்க. டெஸ்ட்டு பத்திய முன்னாடியே மனப்பாடம் பண்ண வச்சு வாங்குன மார்க்கு அது. படிக்கத் தெரியாத புள்ளைங்கள கண்டுபுடிக்கத்தானே இந்த டெஸ்ட்ட வச்சீங்க? இப்ப அந்தப் புள்ளைங்கள ஒளிச்சு வைக்கறதுக்குத்தான் அது உதவுது."

யாரும் சிரிக்கவில்லை. யுவஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலர் அம்மா அன்புமணியைப் பார்த்தார். அவர் அறிக்கையை இரண்டாக மடித்தார், மறுபடி பிரித்தார்.

"உங்க பொண்ணு எங்க?" என்று அலுவலர் கேட்டார். "இப்பவே வாசிக்கச் சொல்லிப் பாக்கலாம்."

இதைக் கிருபாராணி எதிர்பார்க்கவில்லை. தான் சொன்னது மெய் என்று காட்ட வேண்டுமென்றால் வின்சி இத்தனை பேர் முன்னால் தோற்க வேண்டும். போன ஞாயிறு பட்டது இன்னும் ஆறவில்லை. 

"இங்க வேணாம் மேடம்" என்றாள். "கூட்டத்துல வேணாம். எம் பேச்சு பொய்யின்னு எழுதிக்கிட்டாலும் பரவால்ல."

அலுவலர் எழுந்தார். வகுப்பறைக்குள் போனார்கள். அவர், அன்புமணி, ஜெசி, கிருபாராணி. சுண்ணாம்பும் ஈரச் சாக்கும் மணக்கும் அறை. வின்சி கதவோரம் நின்றாள். கிருபாராணி குனிந்து அவள் முகத்தைப் பிடித்தாள்.

"பாப்பா, தெரிஞ்சத மட்டும் படி. தெரியாதத தெரியாதுன்னு சொல்லு. சந்தைக்குப் போவாத. அம்மா இங்கதான் நிக்கறேன். ஒண்ணும் ஆவாது."

அலுவலர் அலமாரியிலிருந்து யாரும் பிரிக்காத கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்தார். போனில் ஒரு நிமிடம் வைத்தார்.

வின்சி பக்கத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. விரல் முதல் எழுத்தின் மேல் போய் நின்றது.

"ம... ழை. மழை." நிமிர்ந்து ஜெசியைப் பார்த்தாள். ஜெசி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. "நி... ன்... ற. நின்ற. பி... ற... கு."

வெளியே யாரோ மைக்கைத் தட்டிச் சோதித்தார்கள். வின்சிக்குக் கழுத்தில் வேர்த்தது. "எ... று... ம்... பு..." அங்கேயே நின்றாள். மறுபடி எ-விலிருந்து தொடங்கினாள். போன் கூவியது.

"போதும்" என்றார் அலுவலர். "மூணு வார்த்தை."

அன்புமணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அலுவலர் புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினார். வின்சி கொடுக்கவில்லை. போன் கூவியதே அவள் காதில் விழவில்லை. விரல் அங்கேயே இருந்தது.

"எடுக்காதீங்க மேடம்" என்றாள் கிருபாராணி. "படிக்கறா."

"எ... றும்... பு... கள். எறும்புகள்." பிள்ளையின் குரல் சற்றுப் பலத்தது. "வ... ரி... சை... யா... க. வரிசையாக. வெ... வெளி... யே. வெளியே. வ... ந்... த... ன. வந்தன."

முற்றுப்புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். பிறகு தலையை நிமிர்த்தி, "எறும்பெல்லாம் வெளிய வந்துருச்சும்மா" என்றாள்.

ஒப்பித்தபோது ஒருநாளும் அவள் இப்படி வந்து கதை சொன்னதில்லை. கிருபாராணி அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு யாரோ போட்ட மார்க்கு. இந்த மூன்று வார்த்தை தன் பிள்ளை சொந்தமாகச் சம்பாதித்தது.

அலுவலர் அம்மா உடனே கிளம்பவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். வேறு வேறு பக்கம், வேறு வேறு வரி. வெயில் சாய்ந்து மரநிழல் சுவரில் ஏறும் வரை அது நடந்தது. பெற்றோர் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முடிந்தபோது பத்தொன்பது பிள்ளைகள் சிவப்பு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் எரிச்சல்தான் வரும். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, யுவஸ்ரீக்கு. எல்லாரிலும் சம்பளம் குறைந்தவள், வேலை நிரந்தரமில்லாதவள், சொன்னதைச் செய்தவள். அன்புமணியை மீண்டும் ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்து நிற்கச் சொல்வதால்தான் இதெல்லாம் வந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கிருபாராணி அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு யுவஸ்ரீயின் வாடகை வீட்டுக்குப் போனாள். ஒரு தூக்கில் பிதுக்கம்பருப்புக் குழம்பு. "உங்க மேல கோவம் போவல" என்று சொல்லித்தான் கொடுத்தாள். "ஆனா நீங்க மட்டும் மாட்டறது ஞாயமில்ல. மேடத்துக்கு நாங்க பெத்தவங்க சேந்து எழுதறோம்."

அருள்ஜோசப் அந்தச் சனிக்கிழமை வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஊரில் ஆளாளுக்குப் பேசியது அவன் காதுக்கும் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், ஒரு கடைக்கு முன்னால் வின்சி நின்று பலகையை அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்ட, அவன் பையோடு வெயிலில் நின்றான். அவசரப்படுத்தவில்லை. "டீ... க்... கடை" என்று அவள் முடித்ததும், "ஆமா, டீக்கடைதான்" என்றான்.

இன்னொரு முட்டுக்கட்டை தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தது. ஜெசி வகுப்புக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத்தான் அனுமதியாம். பத்தொன்பதில் மிகக் குறைவாக வாசித்த பன்னிரண்டு பேரை எடுத்துக்கொள்ள வேண்டும், மீதிப் பேர் சனவரி வரை காத்திருக்க வேண்டும். அஜித்குமார் உள்ளே. வின்சி வெளியே. அவள் மூன்று வார்த்தை வாசித்துவிட்டாள், ஒன்றுகூட வாசிக்காதவர்கள் இருந்தார்கள். 

"கோட்ட இன்னும் கீழ இறக்கிட்டாங்களா" என்றாள் கிருபாராணி. சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. செல்லி, "அவ உக்காரலைன்னா எவனும் உக்கார மாட்டான்" என்று அஜித்தைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டாள். மற்ற அம்மாக்களும் வாசலை விட்டு நகரவில்லை.

ஜெசி கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைக்குள்ளிருந்த பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து மரத்தடியில் விரித்தாள். பத்தொன்பது பேருக்குப் பாய் போதவில்லை. செல்லி ஓடிப்போய் வீட்டிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்தாள்.

தினமும் வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகளைப் படம் எடுத்து ஆப்பில் அனுப்ப வேண்டும், அது தலைகளை எண்ணும் என்பது ஜெசியின் நிறுவனத்து விதி. அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். பன்னிரண்டு பேர் மட்டும் முன்னால் வரட்டும் என்று கூப்பிட வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். இரண்டடி பின்னால் நகர்ந்தாள். ஓரத்திலிருந்த பிள்ளைகளும் வரும்படி இன்னும் இரண்டடி நகர்ந்தாள். படம் எடுத்து அனுப்பினாள்.

கூடுதல் ஆட்கள் என்று ஆப் படத்தைத் திருப்பி அனுப்பியது.

"என்னாச்சு டீச்சர்?" என்று கிருபாராணி கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் ஜெசி. அதே படத்தை மறுபடியும் அனுப்பினாள்.